பெயர் எழுதாத கடிதங்கள்



எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது, என் வேலைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. சர்க்கரை ஏறிவிட்டது என்று எழுதுபவர்கள் பெயர், ஊர், செல்போன் நம்பர் வரை எழுதிவிடுவார்கள். கருப்பையை எடுத்த கதையை நாலு பக்கத்துக்கு எழுதி, அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. மாமியாரோடு மனத்தாங்கல் என்றாலும் பெயர் இருக்கும். முகத்தில் கோடு விழுந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்கிற கடிதத்தில் மட்டும் பெயர் இருப்பதில்லை. ‘உங்கள் வாசகி’ என்று முடித்திருப்பார்கள். இல்லாவிட்டால், ‘என் தோழிக்காகக் கேட்கிறேன்’ என்று இருக்கும்.

இந்த மாதம் அந்தத் தோழிகளுக்காக எழுதுகிறேன். எழுத வைத்தவர் எங்கள் வீதி அக்கா ஒருவர்.

கோவை பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கணவர் நடத்தும் பம்ப் உதிரிபாகப் பட்டறையின் கணக்கு முழுக்க இவர் கையில்தான். இருபத்தைந்து வருடமாகப் பில்லையும் நோட்டையும் குனிந்து பார்த்ததில், இரண்டு புருவத்துக்கும் நடுவே பதினொன்று என்று எழுதியதுபோல் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. “எந்நேரமும் வெசனத்துலயே இருக்கற மாதிரி தெரியுதாமா. ஒறம்பரைக்காரங்க அத்தன பேரும் கேக்கறாங்க. எனக்கு ஒரு வெசனமும் இல்ல கண்ணு” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்தக் குறையை அவர் சொன்ன விதம் எனக்கு மறக்கவே இல்லை. இளமையாகத் தெரிய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தன் மனசில் இல்லாத ஒரு கவலையை முகம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் அவர் வருத்தம்.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். சீட்டுக் கூட்டத்தில் யாரோ சொல்லி, நாலு பேராகப் போனால் தள்ளுபடி என்று ஓர் அழகு நிலையத்துக்குப் போய், நெற்றியிலும் புருவ நடுவிலும் ஊசி போட்டுக்கொண்டார். முகூர்த்தத்துக்கு அப்போது எட்டு நாள்தான் இருந்தது. ஊசி போட்டவர் டாக்டர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாளே அதே இடத்தில், கல்யாண முகத்துக்கென்று அழுத்தித் தேய்த்து ஃபேஷியலும் செய்துவிட்டார்கள். ஆறாம் நாள் காலை எழுந்து கண்ணாடி பார்த்தால், இடது கண் இமை பாதிக் கண்ணுக்கு இறங்கிக் கிடந்தது.

வீட்டில் சொல்லவில்லை. தூக்கமில்லை, அலைச்சல் என்று சமாளித்திருக்கிறார். கல்யாண ஆல்பத்தைப் பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இணைச்சீர் நடக்கும்போதும் சரி, தாரை வார்க்கும்போதும் சரி, ஒவ்வொரு படத்திலும் முகவாயைத் தூக்கி லேசாக அண்ணாந்தே நிற்கிறார். இமை இறங்கினால் நாம் தானாக நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கித்தான் பார்ப்போம். நெற்றியிலும் ஊசி போட்டிருந்ததால் அதுவும் முடியவில்லை. தலையையே அண்ணாந்தால்தான் எதிரே நிற்பவரைப் பார்க்க முடிந்திருக்கிறது. “சம்பந்தியம்மா ரொம்ப மெதப்பா நிக்கறாங்கன்னு மாப்ள வூட்டுல பேசிக்கிட்டாங்களாமா” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். மறுநாள் இருவருமாக இங்கேயே பீளமேட்டில் ஒரு தோல் மருத்துவரைப் போய்ப் பார்த்தோம். அந்த அறையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இனி உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

டாக்டரம்மா முதலில் அக்காவின் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். “இமை தானா ஏறிடுங்க, பயப்படாதீங்க. இப்பவே ஏற ஆரம்பிச்சிருச்சு” என்றார். இமையைத் தூக்கும் தசை மேலே, எலும்புக் குழிக்குள்ளே இருக்கிறது. புருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கீழே குத்தினாலோ, போட்ட மருந்து அழுத்தத்தில் பரவினாலோ அந்தத் தசைக்கும் எட்டிவிடும். தவறு ஊசியிலா, மறுநாள் ஃபேஷியலிலா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் எங்கள் இருவருக்கும் சுருக்கென்றது. இமையைத் தற்காலிகமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிடும் கண் சொட்டு மருந்து இருக்கிறதாம். “அன்னிக்கே வந்திருந்தா முகூர்த்தத்துக்காவது ஓரளவு கண்ணு தெறந்திருக்குமேங்க” என்றார். வெட்கப்பட்டு மூடி வைத்த அந்த மூன்று வாரத்துக்குத்தான் அக்கா விலை கொடுத்திருக்கிறார்.

பிறகு அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கச் சொன்னார். “யார் மேலயாவது கோபமா இருக்கற மாதிரி மொறைங்க. இப்ப விட்ருங்க.” முறைக்கும்போது மட்டும் விழுந்து, விட்டதும் மறைகிற கோடு தசையால் வருவது. விட்ட பிறகும் தங்கி நிற்கிற கோடு தோலிலேயே பதிந்துவிட்டது. முதல் வகை நாளாக ஆக இரண்டாம் வகையாக மாறும், காகிதத்தை ஒரே இடத்தில் மடித்துக்கொண்டே இருந்தால் தழும்பு நிற்பதுபோல. மூன்றாவதாகக் கன்னத்தின் கொழுப்பும் எலும்பும் வயதோடு குறைந்து, மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இறங்கும் பள்ளம். இதெல்லாம் போக, வெயிலில் காய்ந்து வருகிற மெல்லிய வரிகளும் கரும்புள்ளிகளும் தனி. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ‘ஒரே ஊசியில் பத்து வயசு குறையும்’ என்று பலகை வைத்திருக்கும் கடையில் இந்தக் கண்ணாடிப் பரிசோதனையைச் செய்ய மாட்டார்கள்.

போடாக்ஸ் என்று எல்லோரும் சொல்கிற ஊசி, தசையால் வரும் கோட்டுக்கு மட்டும்தான். நரம்பு தசைக்கு ‘சுருங்கு’ என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியே விட்டுத்தான். இந்த மருந்து நரம்பு முனைக்குள் போய், அந்தப் பொருள் வெளியேற உதவும் ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. செய்தி போகாததால் தசை சும்மா இருக்கிறது, மேலே தோல் மடிவதில்லை. போட்டவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு பழையபடி வேலைக்கு வந்துவிடும், கோடும் திரும்பி வரும். கல்யாணத்துக்கு எட்டு நாளைக்கு முன் போட்டுக்கொண்டது எவ்வளவு தப்புக் கணக்கு என்று இப்போது புரிகிறதா? விசேஷம் இருந்தால் ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஏதாவது கோணல் வந்தால் சரிசெய்ய அப்போதுதான் நாள் இருக்கும்.

இது நஞ்சுதானே என்று நான் கேட்டேன். ஆமாம், நஞ்சேதான். ஜெர்மனியில் கவிஞராகவும் மருத்துவராகவும் இருந்த யுஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று இமை இறங்கி, நாக்குக் குழறி இறந்தவர்களைப் பற்றி 1820களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். 1895ல் பெல்ஜியத்தில் ஓர் இழவு வீட்டுக்கு வந்த வாத்தியக் குழுவினர் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எர்மெங்கம் என்ற விஞ்ஞானி இந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியைப் பிரித்தெடுத்தார். அதே நஞ்சைத் துளித் துளியாக அளந்து மருந்தாக்கியவர் சான்ஃபிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும், கண் இமை அடங்காமல் துடிக்கும் நோய்க்கும் 1989ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்காக இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, புருவ நடுவில் போடாமல் விட்டதற்காகக் கோபித்துக்கொண்டாராம். அங்கே போட்டால்தான் முகம் தெளிவாகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டரோடு சேர்ந்து ஜீன் அதை ஆராய்ந்து 1992ல் கட்டுரை வெளியிட்டார். புருவக் கோட்டுக்கென்று அமெரிக்கா அனுமதி தந்தது 2002ல். ஒரு நோயாளி கூச்சப்படாமல் வாய் திறந்து சொன்னதால் பிறந்த வைத்தியம் இது. நம்மூரில் அதையே வாய் மூடி மறைத்துச் செய்துகொள்கிறோம்.

பக்கவாதத்தில் கை இறுகிப்போனவர்களுக்கும், கழுத்துக் கோணிக்கொள்பவர்களுக்கும், விடாத ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பியல் மருத்துவர்கள் இதே மருந்தைத்தான் போடுகிறார்கள். புருவ நடுவுக்கு வழக்கமான அளவு 20 யூனிட். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் வேறு. டிஸ்போர்ட் என்ற மருந்தில் அதே இடத்துக்கு 50 யூனிட் போடுவார்கள். ‘அங்கே ஐம்பது போடறாங்க, நீங்க இருபதுதான் போடறீங்க’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா போன்ற தசைப் பலவீன நோய் உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது.

ஃபில்லர் என்பது வேறு. அது பள்ளத்தை நிரப்புவது. இப்போது பெரும்பாலும் ஹையலுரானிக் அமிலத்தில் செய்த கூழ்தான் பயன்படுகிறது. இந்த அமிலம் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணுக்குள்ளும் இயற்கையாகவே இருக்கிறது; 1934ல் மாட்டுக் கண்ணிலிருந்துதான் முதலில் பிரித்தார்கள். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம்வரை நிற்கும். இதைப் பற்றி டாக்டரம்மா பேசும்போது அவர் குரலே மாறியது. மூக்கோரத்திலும் புருவ நடுவிலும் ஓடும் ரத்தக் குழாய்களுக்குக் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்பு இருக்கிறது. ஊசி முனை குழாய்க்குள் போய்க் கூழ் இறங்கிவிட்டால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். அந்தக் கூழைக் கரைக்க ஹையலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அதை உடனே போட வேண்டும், நேரம் போகப் போகப் பலன் குறையும். “ஃபில்லர் போடற எடத்துல அந்தக் கரைக்கற மருந்து ஃப்ரிட்ஜ்ல இருக்கானு கேளுங்க. இல்லைன்னா எழுந்து வந்துருங்க” என்றார். வாசகிகளே, இந்த ஒரு வரியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோலை மேலாக உரிக்கும் பீல், லேசர் இரண்டும் நம் நிறத்துக்குக் கவனமாகச் செய்ய வேண்டியவை. வெள்ளைக்காரர் தோலில் ஆழமாகச் சுட்டுப் புதுத்தோல் வரவழைக்கிற முறையை நம் மாநிறத் தோலில் அப்படியே செய்தால், காயம் ஆறும்போது அந்த இடம் கருத்துப்போகும். கோடு போய்க் கறை வந்து நிற்கும், மாதக்கணக்கில் போகாது. மெல்லிய பீலைப் பல தடவையாக, நடுவில் இடைவெளி விட்டு, வெயில் படாமல் செய்துகொள்வதுதான் நமக்குச் சரி. எலுமிச்சையை அறுத்து முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதுவும் தோலைச் சுட்டுக் கருக்கிவிடும். கடலை மாவும் தயிரும் பூசிக்கொண்டால் முகம் குளிர்ச்சியாக இருக்கும், அதில் கெடுதல் இல்லை. கோடு அதனால் போகாது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். மருந்துக் கடையில் ‘முகத்துக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்குகிற சின்ன ட்யூப்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் காகிதமாக மெலிந்து, சிவந்து, ரத்த நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரிந்து வீங்கும். சுருக்கத்துக்குப் பூசப்போய்த் தோலையே தேய்த்துக்கொள்கிறோம். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் வருடக்கணக்கில் போராடியதில், 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டில்லாமல் வாங்கியதாக இன்றும் கடிதம் வருகிறது. தயவுசெய்து கேட்டு வாங்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பூசுகிற மருந்தில் நிரூபணமான ஒன்று, வைட்டமின் ஏ வழியில் வந்த ட்ரெடினாயின். முகப்பருவுக்கென்று வந்த களிம்பு இது. மெல்லிய வரிகளுக்கும் உதவும் என்று அமெரிக்காவில் 1995ல் அனுமதித்தார்கள். இரவில், பட்டாணி அளவு போதும். முதலில் தோல் உரியும், எரியும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். கர்ப்பகாலத்தில் தொடக்கூடாது. இதுவும் டாக்டர் சீட்டில்தான்.

இத்தனையும் கேட்டுவிட்டு, “இதுல எது நல்லதுங்க?” என்று அக்கா கேட்டார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஜன்னலைக் காட்டினார். வெளியே அவிநாசி ரோட்டில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

வெயில் முகத்தை என்ன செய்யும் என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஓட்டுநர் இடது பக்கம் உட்காருவதால், கண்ணாடி வழியாக வெயில் பட்ட இடது கன்னம் தடித்துச் சுருங்கித் தொங்க, வலது கன்னம் பல வயது இளையவர் முகம்போல் இருந்தது. முகம் ஒன்று, வயதும் ஒன்று. சுருக்கத்துக்குக் காரணமான புற ஊதாக் கதிர் கண்ணாடியையும் தாண்டி வரும். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை வைத்து நாலரை வருடம் ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்படைவது மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது.

இவற்றைப் படித்த பிறகு நம் ஊர் ரோட்டை வேறு கண்ணோடு பார்க்கிறேன். காந்திபுரத்திலிருந்தும் உப்பிலிபாளையத்திலிருந்தும் பீளமேட்டுக்கு ஸ்கூட்டியில் வேலைக்கு வரும் பெண்கள், காலையில் கிழக்கே சூரியனைப் பார்த்து வருகிறார்கள். மாலையில் மேற்கே, அதே சூரியனைப் பார்த்தே திரும்புகிறார்கள். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நிழலே இல்லாமல் போகிறது. பாலத்தில் பறப்பது சுகம்தான், சந்தேகமில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஓட்டும் அந்த முகங்களில்தான் கண்ணோரக் கோடு சீக்கிரம் விழுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் படுவதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதும் இல்லை.

எனவே சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்து, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். மங்கு உள்ளவர்கள் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். வெயில் கண்ணாடி போடுங்கள். துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிற நம் பிள்ளைகளின் பழக்கம் அருமையான பழக்கம்.

ஊசியே வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கும் என் ஆதரவு உண்டு. எம்.டி. தோல் அல்லது டி.டி.வி.எல். படித்தவரா, இல்லை பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று வலைத்தளத்திலேயே பார்க்கலாம். கிளினிக்குக்கும் தமிழக அரசின் 1997ஆம் வருடச் சட்டப்படி பதிவு வேண்டும், அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டும். மருந்துக் குப்பியை உங்கள் எதிரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கச் சொல்லி, பெயரையும் காலாவதித் தேதியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். துணிக்கடையில் அறுபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்கிறவர்கள்தானே நாம்?

ஊசி வேண்டாம் என்பவர்களிடமும் ஒரு வார்த்தை. எங்கள் அம்மிச்சி பல்லடம் பக்கம் பருத்திக் காட்டில் வெயிலோடு கிடந்தவர். கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாக அத்தனை கோடு. மடியில் படுத்துக்கொண்டு அதை விரலால் தடவி எண்ணியிருக்கிறேன், ஒருநாளும் கணக்கு ஒன்றுபோல் வந்ததில்லை. அந்த முகத்தில் ஒரு கோடு குறைந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. எங்கள் வீதி அக்கா தன் முகத்தில் இரண்டு கோடு வேண்டாம் என்று நினைப்பதிலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவரவர் முகம். மகள்களே, மருமகள்களே, வீட்டில் அம்மா இதைப் பற்றி வாயெடுத்தால், ‘இந்த வயசுல உனக்கு எதுக்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அக்கா சீட்டுக் கூட்டத்தில் விசாரித்தார்.

ஏழாவது வாரம் இமை முழுக்க ஏறிவிட்டது. போன வாரம் பொழுதோடு வீட்டுக்கு வந்திருந்தார். இதை எழுதப்போகிறேன், சம்மதமா என்று கேட்டேன். “எழுது கண்ணு, நாலு பேருக்கு ஆகும். பேரை மட்டும் போட்ராத, மக வூட்டுல சங்கடம்” என்றார். காப்பி குடித்துவிட்டு எழுந்தவர், படியிறங்கும்போது திரும்பி நின்றார். முகவாயைத் தூக்காமல் நேராகவே என்னைப் பார்த்தார்.

“பீளமேடுன்னு போட்டுக்க. ஊரு பேரு இருக்கட்டும்.”

அன்புடன்,
ஆசிரியர்